பெற்றோரே நடத்தும் ப்ளே ஸ்கூல்: கூட்டுறவு மழலையர் பள்ளி எப்படி இயங்குகிறது? உங்களால் முடியுமா?

மதியம் 12.30. ஜோகுபாளையத்தில் ஏதோ ஒரு சந்தில் ப்ளே ஸ்கூல் விடுகிறது. நீங்கள் ஆபீஸில், மீட்டிங்கில். வீட்டுக்காரரோ மனைவியோ அவுட்டர் ரிங் ரோடு டிராஃபிக்கில். சேலத்திலிருந்து வந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா போன வாரம்தான் ஊருக்குத் திரும்பினார். மாமியார் வர இன்னும் பத்து நாள் இருக்கிறது. குழந்தையை யார் போய்க் கூட்டி வருவது?

இந்தக் கேள்வி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது ஒருவர் போடுவார்: "இவ்ளோ ஃபீஸ் கட்டறதுக்கு நாமளே பத்து வீடு சேர்ந்து ஒரு ஸ்கூல் நடத்தினா என்ன?" கீழே பத்துப் பேர் கட்டைவிரல் போடுவார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஆனால் அது விளையாட்டுப் பேச்சு இல்லை. உலகில் பல நாடுகளில் பெற்றோர்கள் உண்மையிலேயே இப்படிப் பள்ளி நடத்துகிறார்கள். அதற்கு நூறு ஆண்டுக்கு மேல் வரலாறும் இருக்கிறது. 'பெற்றோர் கூட்டுறவு மழலையர் பள்ளி' என்று பெயர். சேரும் முன், ஆரம்பிக்கும் முன், நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: இங்கே ஃபீஸின் ஒரு பகுதியை நீங்கள் ரூபாயில் கட்டுவதில்லை, மணி நேரத்தில் கட்டுகிறீர்கள்.

அப்படியென்றால் என்ன?

பழைய லைன் வீடுகளில் 'முறைவாசல்' என்று ஒன்று உண்டு. பொதுவாசலை இன்று ஒரு வீடு பெருக்கிக் கோலம் போடும், நாளை அடுத்த வீடு. வாசல் எல்லோருக்கும் பொது, வேலை முறை வைத்து. கூட்டுறவு மழலையர் பள்ளியின் அடிப்படை ஏறக்குறைய அதேதான்.

இதில் மூன்று விஷயங்கள் முக்கியம்.

ஒன்று, பள்ளிக்கு முதலாளி கிடையாது. குழந்தையைச் சேர்த்த குடும்பங்களே உறுப்பினர்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு ஓட்டு. லாபம் யாருக்கும் பிரித்துத் தரப்படாது, மிச்சம் இருந்தால் பள்ளிக்கே.

இரண்டு, பயிற்சி பெற்ற டீச்சர் சம்பளத்துக்கு இருப்பார். பாடம், விளையாட்டு, அன்றைய நாள் எப்படிப் போக வேண்டும் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. "அப்பா அம்மாவே டீச்சர்" என்று நினைத்துவிடாதீர்கள்.

மூன்று, அந்த டீச்சருக்கு உதவியாக ஒவ்வொரு நாளும் ஓரிரு பெற்றோர் முறைவைத்து வகுப்பில் இருப்பார்கள். கணக்கு எழுதுவது, சாமான் வாங்குவது, டேங்க் கழுவ ஆள் பிடிப்பது போன்ற மற்ற வேலைகளும் குடும்பங்களுக்குள் பிரிக்கப்படும்.

இது எங்கே தொடங்கியது?

அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1916-ல் பேராசிரியர்களின் மனைவிமார் சிலர் சேர்ந்து தொடங்கிய மழலையர் பள்ளியைத்தான் பொதுவாக முதல் உதாரணமாகச் சொல்கிறார்கள். முதல் உலகப் போர்க் காலம். குழந்தைகளை முறைவைத்துப் பார்த்துக்கொண்டால் மற்றவர்களுக்கு வெளிவேலைக்கு நேரம் கிடைக்கும், குழந்தை வளர்ப்பையும் சேர்ந்தே கற்றுக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு.

1941-ல், இரண்டாம் உலகப் போர் நடக்கும்போது, நியூசிலாந்தின் வெலிங்டனில் 'ப்ளே சென்டர்' தொடங்கியது. கணவர்கள் போர்முனையில், தனியாகக் குழந்தை வளர்க்கும் அம்மாக்கள் வீட்டில். அவர்களுக்கு வாரத்தில் சில மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்று ஆரம்பித்தது நாடு முழுக்கப் பரவி, இன்றும் நூற்றுக்கணக்கான இடங்களில் நடக்கிறது. அங்கே பெற்றோருக்குக் குழந்தை வளர்ச்சி பற்றிய பயிற்சியும் தருகிறார்கள்.

பிரிட்டனில் நடந்தது உங்களுக்கு இன்னும் நெருக்கமாகத் தோன்றலாம். 1961-ல் பெல் டுடேவ் என்ற லண்டன் அம்மா, தன் குழந்தைக்கு அருகில் மழலையர் பள்ளி எதுவும் கிடைக்காமல், தானே ஒரு விளையாட்டுக் குழுவை நடத்திவந்தார். அரசு பள்ளி திறக்கும் வரை நாமே நடத்துவோம், அரசையும் கேட்டுக்கொண்டே இருப்போம் என்ற கருத்தோடு 'கார்டியன்' நாளிதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதைப் படித்த பெற்றோர்கள் அவரைத் தொடர்புகொள்ள, அதிலிருந்து ஒரு நாடு தழுவிய சங்கமே உருவானது.

மூன்று இடத்திலும் பொதுவானது ஒன்று இருக்கிறது. இடைவெளி இருந்தது, அதைப் பெற்றோர் நிரப்பினார்கள்.

நம் ஊரில் அந்த இடைவெளி இருக்கிறதா?

இருக்கிறது, சட்டத்திலேயே இருக்கிறது. அரசியலமைப்பின் 21ஏ பிரிவு கல்வியை அடிப்படை உரிமை ஆக்குவது 6 முதல் 14 வயது வரைதான். ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அரசு "முயற்சி செய்ய வேண்டும்" என்ற அளவிலேயே 45-வது பிரிவு நிற்கிறது. 2009-ன் கல்வி உரிமைச் சட்டமும் மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்கான ஏற்பாட்டை அரசின் விருப்பத்துக்கே விட்டிருக்கிறது.

அந்த வயதுக்கு அரசு தருவது அங்கன்வாடி. மீனா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக்குழு 1972-ல் தந்த அறிக்கை, பள்ளி வயதுக்கு முந்தைய குழந்தைகளின் ஊட்டம், உடல்நலம், கல்வி மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்றது. 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அதன் முகம்தான் உங்கள் தெருமுனையில் இருக்கும் அங்கன்வாடி. ஆனால் ஜோகுபாளையத்தில் வாடகைக்கு இருக்கும் ஐடி குடும்பம் அந்த வாசலை எட்டிப் பார்ப்பது அரிது. அவர்கள் வீட்டில் வேலை செய்பவரின் குழந்தை அங்கே போகும், இவர்கள் குழந்தை தனியார் ப்ளே ஸ்கூலுக்குப் போகும். இந்த விஷயத்துக்குக் கடைசியில் திரும்பி வருவோம்.

'பெற்றோர் கூட்டுறவு' என்ற போர்டோடு இந்தியாவில் பள்ளிகள் அரிது. ஆனால் அதன் உறவுக்காரர்கள் உண்டு. அகமதாபாத்தில் சேவா அமைப்பின் வழியே குழந்தைக் காப்பகப் பணியாளர்கள் 'சங்கினி' என்ற கூட்டுறவை நடத்துகிறார்கள். அங்கே உறுப்பினர்கள் பெற்றோர் அல்ல, பராமரிப்பாளர்களே. ஆனாலும் காப்பக நேரம் அம்மாக்களின் வேலை நேரத்தை ஒட்டி வைக்கப்படுகிறது, பெற்றோரை அழைத்துக் கூட்டமும் நடக்கிறது.

இலங்கையில் ஏ.டி. ஆரியரத்ன 1958-ல் தொடங்கிய சர்வோதய இயக்கத்தின் முன்பள்ளிகள் இன்னும் கிட்டத்தில் வருகின்றன. ஊர் அம்மாக்கள் குழுவாகச் சேர்ந்து அவற்றைத் தாங்கினார்கள். ஒவ்வொரு குழந்தையும் வீட்டிலிருந்து ஒரு தீப்பெட்டி அளவு அரிசி கொண்டுவரும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிச் சமைத்து எல்லோரும் சாப்பிடுவார்கள். எவ்வளவு ஏழை வீட்டாலும் ஒரு தீப்பெட்டி அரிசி தர முடியும். அந்த அளவை யோசித்து வைத்தவர்கள் கூட்டுறவு என்றால் என்ன என்று நன்றாகப் புரிந்துகொண்டவர்கள்.

சரி, நான் எவ்வளவு நேரம் தர வேண்டும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 குழந்தைகள், 20 குடும்பங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஐந்து நாள், காலை 9 முதல் 12.30 வரை பள்ளி. டீச்சருக்கு உதவியாக நாளைக்கு இரண்டு பெற்றோர்.

அப்படியானால் வாரத்துக்கு 10 முறை. 20 குடும்பத்துக்குப் பிரித்தால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இரண்டு வாரத்துக்கு ஒரு காலை. மாதத்துக்கு இரண்டு முறை, மொத்தம் 7 மணி நேரம். மாதக் கூட்டத்துக்கு 2 மணி நேரம். கணக்கு, சாமான், ரிப்பேர் என்று உங்களுக்கு ஒதுக்கிய வேலைக்கு 3 மணி நேரம். ஆக, ஒரு குடும்பம் மாதம் 12 மணி நேரம் தர வேண்டும்.

இதில் கூட்டத்தையும் கணக்கு வேலையையும் ஞாயிற்றுக்கிழமை முடித்துவிடலாம். வகுப்பு டியூட்டியை முடியாது, அது வேலை நாள் காலையில்தான். பள்ளி வருடத்துக்கு 40 வாரம் நடந்தால் 20 அரை நாள், அதாவது 10 முழு நாள் லீவ்.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. அந்தப் பத்து நாளும் அம்மாவின் லீவிலிருந்து போனால் அவருடைய சம்பாதித்த விடுப்பில் பெரும்பகுதி காலி. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் எடுக்க ஒன்றும் மிஞ்சாது. இருவரும் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு ஐந்து நாள். பத்து அரை நாள், கிட்டத்தட்ட மாதம் ஒரு காலை. தாங்கக்கூடியதுதான்.

சேருவதா வேண்டாமா என்று யோசிப்பதற்கு முன், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் இருவரும் உட்கார்ந்து பேச வேண்டிய முதல் கேள்வி ஃபீஸ் இல்லை. "டியூட்டி யாரு போறது?" என்பதுதான். "பாத்துக்கலாம்" என்று பதில் வந்தால், அதற்கு "நீ பாத்துக்கோ" என்று அர்த்தம்.

நியூசிலாந்தின் ப்ளே சென்டர்களே இந்தப் பாடத்தைக் கற்றவைதான். வேலைக்குப் போகும் அம்மாக்கள் கூடக் கூட, அங்கே சேரும் குழந்தைகள் குறைந்தார்கள். வீட்டில் ஒருவர் பகலில் இருப்பார் என்ற நம்பிக்கையில் கட்டிய ஏற்பாடு அது.

டியூட்டி அன்று என்ன செய்வார்கள்?

கழுவுவது, துடைப்பது, பெயின்ட் கலக்குவது, பழம் நறுக்குவது, கதை படிப்பது, மணலில் உட்கார்ந்து சண்டையை விலக்குவது. சொல்லப்போனால், வீட்டில் செய்வதுதான். ஆனால் இருபது குழந்தைகளுக்கு நடுவில்.

முதல் நாள் உங்கள் குழந்தை உங்கள் மடியை விட்டு இறங்காது. வேறு குழந்தையை நீங்கள் தூக்கினால் ஓவென்று அழும். இரண்டு மூன்று டியூட்டியில் பழகிவிடும். அதற்குள் மற்ற குழந்தைகளின் பெயர், யாருக்கு எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, யார் பயந்தால் எங்கே ஒளிவார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். "என் பையன்தான் இன்னும் பேசல" என்று தனியாகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தவர், அதே வயதில் பத்துக் குழந்தைகள் பத்து விதமாக வளர்வதைக் கண்ணால் பார்ப்பார். இது எந்த ப்ளே ஸ்கூல் ரிப்போர்ட் கார்டிலும் கிடைக்காது.

இன்னொன்று, அந்த 12.30 பிரச்சினை. கூட்டுறவுப் பள்ளி அதை நேராகத் தீர்க்காது. பெரும்பாலும் இவை அரை நாள் பள்ளிகள்தான், முழுநாள் காப்பகம் இல்லை. ஆனால் ஆறு மாதம் சேர்ந்து வேலை செய்த பிறகு, "இன்னிக்கு கொஞ்சம் லேட் ஆகும், எங்க பொண்ணையும் கூட்டிட்டுப் போய்டறீங்களா?" என்று கூச்சமில்லாமல் கேட்க நான்கு வீடு இருக்கும். ஊரில் அத்தை, சித்தி இருந்த இடத்தில், இங்கே அவர்கள்.

தமிழும் வருமா?

ஜோகுபாளையத்துக் குழந்தை வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், ப்ளே ஸ்கூலில் இங்கிலீஷ் என்று மூன்று மொழிக்கு நடுவில் வளர்கிறது. அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலையும் தமிழ்ச் சங்கமும் இருக்கும் பகுதியிலேயே, மூன்று வயதில் "ஆப்பிள்" தெரிந்து "இலந்தைப் பழம்" தெரியாத குழந்தைகள் உண்டு.

நியூசிலாந்தில் மாவோரி மக்கள் தங்கள் மொழி அழிந்துவிடும் என்று பயந்து 1982-ல் 'கோஹங்கா ரேயோ', அதாவது மொழிக்கூடு, என்ற மழலையர் மையங்களைத் தொடங்கினார்கள். குடும்பங்களே நடத்தின. தாத்தா பாட்டிகள் வந்து குழந்தைகளோடு மாவோரியிலேயே பேசினார்கள். ஒரு தலைமுறை பேசாமல் விட்ட மொழி, பேரப்பிள்ளைகள் வாயில் திரும்பி வந்தது.

பெற்றோர் முறைவைத்து வரும் பள்ளியில் மொழியும் அவர்களோடு வரும். திங்கட்கிழமை தமிழ்க் கதை, செவ்வாய் கன்னடப் பாட்டு. ஊரிலிருந்து வந்திருக்கும் உங்கள் அம்மாவும் ஒரு நாள் டியூட்டிக்கு வரலாம். நாள் முழுக்க நாலு சுவருக்குள் டிவி பார்த்துக்கொண்டிருப்பதற்கு, அவருக்கும் அது நல்லதுதான்.

சட்டப்படி என்ன செய்ய வேண்டும்?

பத்து வீடு சேர்ந்து ஹாலில் நடத்திவிடலாம் என்று நினைக்காதீர்கள். பணம் வாங்கி, டீச்சர் வைத்து, குழந்தைகளைச் சேர்த்தால் அது நிறுவனம்.

பதிவு: கர்நாடகச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் சங்கமாகப் பதிய குறைந்தது 7 பேர் வேண்டும். கூட்டுறவுச் சங்கமாகவே பதிவதென்றால் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த 10 பேர். சின்னக் குழுவுக்குச் சங்கமாகப் பதிவதே நிர்வாக ரீதியில் எளிது. 'ஒரு குடும்பம் ஒரு ஓட்டு' என்பதை அதன் விதிகளிலேயே எழுதிக்கொள்ளலாம். பள்ளியாக நடத்தும் அனுமதிக்கு உங்கள் பகுதி வட்டாரக் கல்வி அலுவலகத்தை முதலிலேயே பாருங்கள்.

ஆள் எண்ணிக்கை: தனியார் ப்ளே ஸ்கூல்களுக்கான தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல், 20 குழந்தைக்கு ஒரு டீச்சர், ஒரு பராமரிப்பாளர் என்கிறது. டியூட்டிக்கு வரும் பெற்றோரை இந்தக் கணக்கில் சேர்க்காமல், கூடுதல் கையாக வைத்துக்கொள்வதே நல்லது. ஒருவர் வராமல் போனாலும் பள்ளி நடக்கும்.

பாதுகாப்பு: டீச்சர், ஆயாவுக்கு மட்டும் இல்லை, டியூட்டிக்கு வரும் ஒவ்வொரு பெற்றோருக்கும் ஒரே விதி. எந்தப் பெரியவரும் மூடிய அறையில் அடுத்தவர் குழந்தையோடு தனியாக இருக்கக் கூடாது. டாய்லெட்டுக்கு யார் கூட்டிப் போவது என்பதை எழுதி வையுங்கள். 2012-ன் போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் புகார் செய்வது கட்டாயம். "நம்ம ஃப்ரெண்ட்தானே" என்று யாருக்கும் விலக்கு இல்லை.

எங்கே சொதப்பும்?

முதல் இடம், டீச்சர். இருபது குடும்பம் என்றால் இருபது முதலாளி ஆகிவிடக் கூடாது. ஒருவர் ஏ பி சி டி எழுத வைக்கச் சொல்வார், இன்னொருவர் விளையாடினால் போதும் என்பார். வகுப்பறைக்குள் டீச்சர் சொல்வதுதான் முடிவு, குறை இருந்தால் கமிட்டி கூட்டத்தில் மட்டும் பேசுவது என்று முதல் நாளே எழுதிவிடுங்கள். செலவைக் குறைக்க அவர் சம்பளத்தில் கை வைக்காதீர்கள். பெற்றோர் தரும் மணி நேரம் டீச்சரின் வேலையைச் சுலபமாக்கத்தான், அவர் கூலியைக் குறைக்க இல்லை.

இரண்டாவது, டியூட்டிக்கு வராத குடும்பம். வர முடியாவிட்டால் வேறு குடும்பத்தோடு மாற்றிக்கொள்ளலாம். பணம் கட்டித் தப்பிக்கலாம் என்று விட்டால் கவனம். வசதி உள்ளவர் எல்லோரும் பணம் கட்டிவிட்டு, வேலை முழுக்க நாலு அம்மாக்கள் தலையில் வந்து விழும். சீட்டுப் பிடிப்பவர்களுக்குத் தெரியும், இரண்டு பேர் தவணை நிறுத்தினால் மொத்தச் சீட்டும் ஆட்டம் காணும்.

மூன்றாவது, நினைவு. இரண்டு மூன்று வருடத்தில் குழந்தை ஒன்றாம் வகுப்புக்குப் போய்விடும், குடும்பமும் போய்விடும். விதிகள், கணக்கு, வீட்டு ஓனரிடம் பேசியது எல்லாம் ஒருவர் போனிலேயே இருந்தால், அவர் போனதும் பள்ளியும் போகும்.

இவ்வளவு முடியாது என்றால்?

பெரும்பாலானவர்களுக்கு முடியாதுதான். அதில் குற்ற உணர்ச்சிக்கு இடமில்லை. ஆனால் இதில் பாதியை நீங்கள் இப்போதே செய்ய முடியும்.

முழுநாள் பராமரிப்புதான் உங்கள் தேவை என்றால், முதலில் உங்கள் கம்பெனியைக் கேளுங்கள். சட்டப்படி 50 அல்லது அதற்கு மேல் ஊழியர்கள் உள்ள நிறுவனம் குழந்தைக் காப்பக வசதி தர வேண்டும். தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கவும் அனுமதிக்க வேண்டும். அது சலுகை இல்லை, சட்டம்.

தனியார் ப்ளே ஸ்கூலில் சேர்த்திருந்தால், பெற்றோர் ஆசிரியர் சங்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். மேலே சொன்ன அதே வழிகாட்டுதல், அந்தச் சங்கத்தில் 75 சதவீதம் பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது.

அப்புறம், தெருமுனை அங்கன்வாடி. கர்நாடகத்தில் அங்கன்வாடிகளுக்கு 'பால விகாச சமிதி' என்ற கமிட்டி உண்டு. குழந்தைகளின் அம்மாக்கள் அதில் உறுப்பினர்கள். பெற்றோருக்கு இடம் தரும் மழலையர் மையம் ஏற்கெனவே உங்கள் தெருவில், அரசுப் பணத்தில், நடக்கிறது என்று பொருள். உங்கள் குழந்தையை அங்கே சேர்க்கலாம். சேர்க்காவிட்டாலும், மாதம் ஒரு காலை போய்க் கதை படிக்கலாமா என்று அங்கன்வாடி டீச்சரிடம் கேட்கலாம். பத்து வீடு சேர்ந்து தனியாக ஒரு அழகான பள்ளி கட்டி, உங்கள் வீட்டில் வேலை செய்பவரின் குழந்தைக்கு அதில் இடம் இல்லையென்றால், அது ஃபீஸ் வாங்கும் இன்னொரு ப்ளே ஸ்கூல்தான்.

எதையும் பதிவு செய்வதற்கு முன் ஒரு சின்ன ஒத்திகை பாருங்கள். நான்கைந்து குடும்பம், சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம், பார்க்கிலோ மொட்டை மாடியிலோ. முறைவைத்து ஒரு வாரம் இரண்டு பேர் பார்த்துக்கொள்வது, மற்றவர்கள் வீட்டுக்குப் போவது. மூன்று மாதம் கழித்து யார் வந்தார்கள், யார் வரவில்லை, அப்பாக்கள் எத்தனை முறை வந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பள்ளி நடத்த முடியுமா என்ற கேள்விக்கு அதுவே பதில் சொல்லிவிடும்.

அடுத்த முறை வாட்ஸ்அப் குரூப்பில் அந்தப் பேச்சு வந்தால், கட்டைவிரல் போடாதீர்கள். "எங்க வீட்லருந்து மாசம் இத்தனை மணி நேரம்" என்று ஒரு எண்ணைப் போடுங்கள். ஒரு தீப்பெட்டி அளவாக இருந்தாலும் பரவாயில்லை.